மூர்த்தி சிறிதானாலும்: ரொமாரியோவைப் பற்றி ஒரு மேடைப்பேச்சு

அனைவருக்கும் மாலை வணக்கம். விழாவுக்குத் தலைமை தாங்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, பரிசளிக்க வந்திருக்கும் காவல் ஆய்வாளர் அம்மா அவர்களே, கோப்பைகளை நன்கொடையாகத் தந்த வணிகர் சங்கப் பெரியவர்களே, காலையிலிருந்து வெயிலில் நின்று சுண்ணாம்புக் கோடு போட்ட தம்பிகளே, வணக்கம். முன்வரிசையில் என் உடற்கல்வி ஆசிரியர் ஐயா உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம் ஐயா, நானே இறங்கி வந்து காலைத் தொட்டுக்கொள்கிறேன். என் எட்டாவது வயதில் ஐயா சொன்ன பழமொழிதான் இன்றைய பேச்சுக்கும் முதல்: மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது.

பிரேசில் கால்பந்து வீரர் ரொமாரியோவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்திகள் சொல்கிறேன். அவர் போட்ட கோல்கள், அவர் ஆடப்போன ஊர்கள், ஆட்டத்தை விட்டபின் அவர் செய்த வேலை.

1966-ல் ரியோ டி ஜெனிரோவில், ஜக்கரேசின்யோ என்ற குடிசைப் பகுதியில் பிறந்தவர். வளர்ந்து ஆளான பிறகும் உயரம் ஐந்தரை அடிதான். பிரேசிலில் அவரைச் செல்லமாகக் 'குள்ளன்' என்றே கூப்பிட்டார்கள். அந்தக் குள்ளன் 1994 உலகக் கோப்பை அரையிறுதியில், நெடுநெடுவென்று வளர்ந்த ஸ்வீடன் தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே எம்பித் தலையால் முட்டிக் கோல் போட்டார். ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அது. அந்தப் போட்டித் தொடரில் ஐந்து கோல், சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து, பிரேசிலுக்கு 24 வருடம் கழித்துக் கோப்பை. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது!

அதே வருடம் ஜனவரியில், ஸ்பெயினில் ரொமாரியோ ஆடிக்கொண்டிருந்த பார்சிலோனா அணியும் ரியல் மாட்ரிட் அணியும் மோதின. கோலுக்கு முதுகைக் காட்டியபடி ரொமாரியோ நிற்கிறார். பந்து வருகிறது. பின்னால் மாட்ரிட் தடுப்பாட்டக்காரர் அல்கோர்தா ஒட்டிக்கொண்டு நிற்கிறார். பந்தை நிறுத்தவே இல்லை. வலது காலோடு ஒட்ட வைத்து அரைவட்டமாக இழுத்துக்கொண்டே திரும்புகிறார். அல்கோர்தா ஒரு பக்கம் போகிறார், பந்து வலைக்குள் போகிறது. ஸ்பெயின்காரர்கள் அதற்குப் 'பசு வால்' என்று பெயர் வைத்தார்கள். ஈ விரட்டும் மாட்டின் வாலைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். அன்று ரொமாரியோவுக்கு ஹாட்ரிக், அதாவது மூன்று கோல். பார்சிலோனா 5-0 என்று ஜெயித்தது.

அந்த அணியின் பயிற்சியாளர் யோஹான் குரைஃப் பின்னாளில் சொன்ன ஒரு கதை உண்டு. இதைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க எனக்கு மனசு வராது. ரியோவில் கார்னிவல் திருவிழா நேரம். ரியோக்காரருக்கு அந்த நாட்களில் வேறு ஊரில் இருப்பது பெரிய வேதனை. ரொமாரியோ குரைஃபிடம் போய், "ரெண்டு நாள் பயிற்சிக்கு வரவில்லை, ஊருக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று கேட்டார். குரைஃப் கண்டிப்பானவர். ஆனால் ஆளின் மனசு தெரிந்தவர். "நாளைக்கு ரெண்டு கோல் போடு, மற்றவர்களைவிட ரெண்டு நாள் கூடுதலாக லீவு தருகிறேன்" என்றார். மறுநாள் ஆட்டம் ஆரம்பித்தது. ஒரு கோல் விழுந்தது. இருபதாவது நிமிடத்தில் இரண்டாவதும் விழுந்தது. அரங்கமே எழுந்து கத்துகிறது. இவர் கொண்டாடவில்லை. குரைஃப் இருந்த பக்கம் திரும்பி, "என்னை வெளியே எடுங்கள்" என்று கையைக் காட்டுகிறார். ஏனப்பா என்றால், "கோச், இன்னும் ஒரு மணி நேரத்தில் என் விமானம் கிளம்புகிறது!" (கைதட்டல்) வாக்குக் கொடுத்தவர் குரைஃப், அனுப்பாமல் இருக்க முடியுமா? அந்த சீசனில் லீக்கில் மட்டும் 33 ஆட்டம், 30 கோல்.

அப்புறம் ஊர்கள். வாஸ்கோ ட காமா, ஹாலந்தில் பிஎஸ்வி, பார்சிலோனா, ஃபிளமெங்கோ, வலென்சியா, ஃபுளுமினென்ஸ், கத்தாரில் அல் சத், அமெரிக்காவில் மயாமி, ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட். 2007 மே 20 அன்று, 41 வயதில், வாஸ்கோவுக்காகப் பெனால்டியில் அடித்ததை அவர் தன் ஆயிரமாவது கோல் என்று கணக்கு வைத்தார். சிறுவர் அணியில் போட்டது, நட்பு ஆட்டத்தில் போட்டது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஒவ்வொரு ஊரிலும் நின்று பேச ஆசைதான். ஆனால் செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார், தலைவர் அவர்களுக்கும் அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது. அதனால் நேராக மூன்றாவதற்கு வந்துவிடுகிறேன். நான் இன்று வந்ததே அதற்குத்தான்.

2005 மார்ச்சில் ரொமாரியோவுக்கு ஈவி என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ள குழந்தை. அடுத்த மாதமே சாவ் பாவ்லோவில் குவாதமாலாவுக்கு எதிராக, தேசிய அணிக்கு அவருடைய கடைசி ஆட்டம். கோல் போட்டதும் மஞ்சள் சட்டையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்த பனியனில், தனக்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள மகள் இருக்கிறாள், அவள் ஒரு குட்டி இளவரசி என்று எழுதியிருந்தது. பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைக்கிற அப்பாக்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இவர் ஊரறியக் காட்டினார்.

2010-ல் நாடாளுமன்றக் கீழவைக்கும், 2014-ல் மேலவையான செனட்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2015-ல் பிரேசிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தபோது, செனட்டில் அதன் அறிக்கையாளர், அதாவது மசோதாவை ஆராய்ந்து அவைக்கு அறிக்கை தந்தவர், ரொமாரியோதான். மாற்றுத்திறன் உள்ள பிள்ளை என்பதற்காகத் தனியார் பள்ளி கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நாற்பது வயதுக்கு மேலும் கோல் போட்டவர்தான். ஆனாலும் எனக்கு இதுதான் அவருடைய பெரிய கோல்.

என் அக்கா மகனுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியில், "மற்ற பெற்றோர்கள் சங்கடப்படுவார்கள்" என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அக்கா அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவனோ வழியெல்லாம் ஒரு காலி பாட்டிலை உதைத்துக்கொண்டே வந்தான். வலது காலால் மட்டும்தான் உதைப்பான். ஐயா, பாருங்கள், மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்று நீங்கள் சொன்னது இவனைப் போன்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தானே?

நம் நாட்டிலும் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், படிப்போடு விளையாட்டிலும் சம வாய்ப்புத் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. இந்த மைதானத்தின் வாசலிலோ மூன்று படி இருக்கிறது, சக்கர நாற்காலி ஏறச் சரிவு இல்லை. இந்த வருடப் போட்டியில் சிறப்புக் குழந்தைகளுக்கு என்று ஒரு ஆட்டம் இல்லை.

தலைவர் அவர்களே, மேசைமேல் பூச்செண்டுக்குப் பக்கத்தில் ஒரு மனு வைத்திருக்கிறேன். சரிவுப் பாதை ஒன்று, அந்தப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் மைதானம். கேட்டிருப்பது அவ்வளவுதான். ஐயா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேனா அங்கேயே இருக்கிறது. பரிசு வாங்க மேலே வரும் தம்பிகள் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.