பாட்டிக்குக் கோர்த்து வைத்த ஊசிகள்

வணக்கம். இன்றைக்குத் தொடக்க இசையெல்லாம் போடவில்லை, நேராகப் பேசிவிடுகிறேன். போன மாதம் என் பாட்டி, அம்மாவைப் பெற்றவர், தவறிவிட்டார். 91 வயது. வருகிறவர்கள் எல்லோரும் "நிறைஞ்ச வயசு" என்றுதான் ஆறுதல் சொல்கிறார்கள், தப்பில்லை, ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பாட்டி இல்லாத வீட்டில் நான் இருந்ததே இல்லை, அதனால் அந்த வார்த்தை மனதில் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

நான்கு பிள்ளைகள், ஏழு பேரப்பிள்ளைகள். யார் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், கடைசி ஆள் உள்ளே வந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் தூங்குவார். கேள்வி கேட்டுக் குடைய மாட்டார். இருட்டில் படுத்தபடியே "வந்துட்டியா?" என்பார், நான் "வந்துட்டேன் பாட்டி" என்பேன், அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அவ்வளவுதான். இரவு வேலை முடிந்து நான் இரண்டு மணிக்கு வந்துகொண்டிருந்த காலத்தில் அவருக்கு 85 வயது இருக்கும், நேரத்தோடு தூங்குங்கள் என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். இப்போது கதவைச் சாத்தியதும் ஒரு நொடி அப்படியே நின்றுவிடுகிறேன், காது அந்த ஒரு வார்த்தையைத் தேடுகிறது.

அம்மா அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. ஏறக்குறைய 76 வருடத்துக்கு ஒருமுறை வரும் ஹாலி வால்நட்சத்திரம் 1986இல் வந்தபோது, பாட்டி விடியற்காலையில் நான்கு பிள்ளைகளையும் எழுப்பி வெளியே கொண்டுபோய் நிறுத்தினாராம். அம்மாவுக்கு அப்போது 14 வயது. அந்த முறை அது பூமியை விட்டுத் தள்ளியே போனதால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, மங்கலாக ஒரு புகை மாதிரி இருந்திருக்கிறது. பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் சிணுங்க, பாட்டி, "அடுத்த தடவை நான் இருக்கமாட்டேன், உங்க பிள்ளைங்களுக்கு நீங்கதான் காட்டணும்" என்றாராம். அடுத்த வருகை 2061இல். கணக்குப் பார்த்துவிட்டேன், எனக்கு 65 வயது ஆகியிருக்கும். எழுந்து வெளியே போய் நிற்பேன்.

சரி, இதைக் காட்டுகிறேன். தெரிகிறதா? துணிக்குள் பஞ்சு அடைத்த உருண்டை, ஊசி குத்தி வைக்க பாட்டியே தைத்தது. அவர் தைத்த பட்டன் அறுந்து நான் பார்த்ததில்லை. துணியோடு ஒட்ட இழுத்துத் தைக்க மாட்டார், கொஞ்சம் தளர்வாக விட்டு, கடைசியில் பட்டனுக்கு அடியில் நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவார், அந்தக் கழுத்து இருப்பதால் பட்டன் போடும்போது துணி சுருங்காது. வெள்ளெழுத்து முற்றிய பிறகும் கை பழக்கத்தில் தைத்துவிடுவார், ஊசிக் காதுதான் அவருக்குத் தெரியாமல் போனது. நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கிப் பிடித்தபடி, யாராவது அந்தப் பக்கம் வரமாட்டார்களா என்று உட்கார்ந்திருப்பார். கூப்பிட மாட்டார். அதைப் பார்த்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து ஊசிகளில் நூல் கோர்த்து இதில் குத்தி வைப்பேன். அடுத்த ஞாயிறு எந்த நிறம் தீர்ந்திருக்கிறது என்று பார்த்தால், அந்த வாரம் யாருடைய துணி கிழிந்தது என்று தெரிந்துவிடும்.

அவர் போன பிறகு தூக்கம் வராமல் எதையெதையோ படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிடுகின்றனவாம், ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே 60, 70 லட்சம் இருக்குமாம். அப்படியானால் பாட்டி அம்மாவைச் சுமந்தபோது, நான் எந்த முட்டையிலிருந்து வந்தேனோ அதுவும் அந்த வயிற்றில்தான் இருந்திருக்கிறது. இன்னொன்று, கருவிலுள்ள பிள்ளையின் செல்கள் தாயின் உடலுக்குள் போய்த் தங்கிவிடுமாம், மகனைப் பெற்று 27 வருடம் ஆன ஒரு தாயின் ரத்தத்தில் ஆண் செல்களைக் கண்டதாக 1996இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டு அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அம்மா எதுவும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார்.

பாட்டி போன அன்று இந்த உருண்டையில் மூன்று ஊசிகளில் நூல் மீதி இருந்தது. வெள்ளை, கறுப்பு, நீலம். நேற்று இந்தச் சட்டையின் மேல் பட்டன் கையோடு வந்துவிட்டது. வெள்ளை நூல் ஊசியை எடுத்து, அவர் செய்வது போலவே அடியில் சுற்றி, நானே தைத்தேன். கொஞ்சம் கோணல்தான், பாருங்கள். கறுப்பும் நீலமும் அப்படியே இருக்கட்டும்.