ரத்தம் வரலைங்களே, அப்புறம் என்ன?

வணக்கங்க. கோபி பக்கம் நோம்பிக்குக் கபடிப் போட்டி வைத்தால் நான் போகாமல் இருக்க மாட்டேன். ஒன்றுதான் எனக்கு ஆகாது. பாடிப் போன பையனை நாலு பேர் தூக்கிச் சாய்க்கிறார்கள், பின்மண்டை தரையில் அடிக்கிறது, திருதிருவென்று முழிக்கிறான். யாரோ சோடாவை முகத்தில் அடித்து "ஒண்ணுமில்ல கண்ணு, எந்திரி" என்கிறார். ஸ்கோர் கேட்டால் பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனாலும் கைதட்டி மறுபடி இறக்கிவிடுகிறார்கள். ரத்தம் வரலைங்களே, அப்புறம் என்ன என்கிறார்கள்.

ஏனுங்க, தூக்குப்போசியில் தயிரை வண்டியில் மாட்டிக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் போயிருப்பீர்கள். போசியில் கீறல் இருக்காது, உள்ளே தயிர் உடைந்திருக்கும். மூளையும் மண்டைக்குள் நீரில்தான் மிதக்கிறது. தலை சட்டென்று நின்றாலோ திரும்பினாலோ மூளை பின்தங்கி ஆடுகிறது. நேராக வாங்குகிற அடியைவிடத் தலையைச் சுழற்றிவிடுகிற அடி பொல்லாதது. உள்ளே நரம்பு இழைகள் இழுபடும். ஸ்கேனில் தெரிவது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும்தான். இந்த இழுபறி அதில் பெரும்பாலும் தெரியாது. ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும், உயிரைக் காக்கும், உள்ளே ஆடுவதை முழுசாக நிறுத்தாது. (அதற்காக ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்து ஓட்டுகிறவர்கள் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.)

2019 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் டெஸ்ட். இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பந்து ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. வெளியே போனார், பரிசோதனையில் தேறினார், திரும்பி வந்து ஆடி 92 ரன்னில் அவுட் ஆனார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும். அவருக்குப் பதில் அதே அணியின் லபுஷேன் இறங்கினார். தலையில் அடிபட்டவருக்கு மாற்று ஆள் என்ற விதி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாருங்க, டாக்டர் பக்கத்திலேயே இருந்தும் மறுநாள்தான் தெரிந்தது. நம்ம ஊர் மைதானத்தில் சோடாக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அதனால்தான் சொல்கிறேன், மூளை அதிர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

நேரமாச்சு என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வயசானவர்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வந்தேன். பாத்ரூமில் வழுக்கி விழுந்த அப்புச்சிக்கு ரத்தம் மெல்லக் கசிந்து, சில வாரம் கழித்துக்கூடத் தடுமாற்றமும் மறதியும் வரலாம். வயசு என்று விடாதீர்கள், ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் விழுந்த அன்றே காட்டுங்கள். யாராக இருந்தாலும், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகிற தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, இதில் எது இருந்தாலும் 108-க்கு அடியுங்கள். சரிங்க, நேரமாயிடுச்சு.