தள்ளிவிட்டவர் ஏமாளி இல்லை, நடுவர் ஐயா

நடுவர் ஐயா அவர்களுக்கும், வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் கடலூர் மக்களுக்கும் வணக்கம். புத்திசாலித்தனம் என்பது முந்திக்கொள்வதா, சேர்ந்துபோவதா? இதுதான் தலைப்பு. சேர்ந்துபோவதுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி ஒரு ஆட்டத்தைச் சொல்லிவிட்டுப் போனார். 1981-ல் ராபர்ட் ரோசந்தால் என்ற பொருளாதார அறிஞர் எழுதிய ஆட்டம், பின்னால் அதற்குப் பூரான் ஆட்டம் என்றே பெயர் வந்துவிட்டது. இரண்டு பேர், நடுவில் பணம். உங்கள் முறை வந்தால் பெரிய பங்கை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை முடிக்கலாம், இல்லையென்றால் எதிராளி பக்கம் தள்ளிவிடலாம். தள்ளத் தள்ள பணம் பெருகும். ஆனால் கடைசி முறைக்காரர் எப்படியும் எடுத்துவிடுவார், அது தெரிந்ததால் அவருக்கு முந்தையவர் அதற்கு முன்பே எடுப்பார், அது தெரிந்ததால் அவருக்கும் முந்தையவர்... இப்படிக் கடைசியிலிருந்து பின்னோக்கி வந்தால், முதல் ஆள் முதல் முறையிலேயே எடுத்துக்கொண்டு எழுந்து போவதுதான் அறிவு, தள்ளிவிடுகிறவன் ஏமாளி என்றார் தம்பி.

சரி, அந்தக் கணக்கை முதுநகரில் மீன் விற்கும் அக்காக்களின் குலுக்கல் சீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 12 பேர், மாதம் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் பெயர் வந்த அக்கா ஆயிரம் கட்டி 12,000 எடுத்துவிட்டார், இனி 11 மாதம் அவர் ஏன் கட்ட வேண்டும்? கடைசி மாதம் வரும்போது மற்ற எல்லோரும் எடுத்து முடித்திருப்பார்கள், அப்போது எவர் கட்டுவார்? தம்பியின் தர்க்கப்படி இந்த ஊரில் ஒரு சீட்டு கூடத் தொடங்கியிருக்கக் கூடாது. ஆனால் எத்தனை வீட்டுக் கல்யாணமும் காலேஜ் பீஸும் சீட்டுப் பணத்தில் நடந்திருக்கிறது என்று இங்கே இருக்கிற அம்மாக்களைக் கேளுங்கள்.

"அது ஊருக்குப் பயந்து கட்டுவது, முகம் தெரிந்தவர்கள் என்பதால் கட்டுவது" என்று எதிரணி சொல்லும். நியாயமான கேள்விதான், ஒதுக்க மாட்டேன். அதனால்தான் முகமே தெரியாதவர்களை வைத்து நடந்த சோதனைக்கு வருகிறேன்.

1992-ல் ரிச்சர்ட் மெக்கெல்வியும் தாமஸ் பால்ஃப்ரேயும் கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர்களை வைத்து இந்த ஆட்டத்தை நிஜப் பணத்தோடு நடத்தி, முடிவுகளை வெளியிட்டார்கள். எதிரே யார் என்று தெரியாது, கணினி வழியாகத்தான் ஆட்டம், ஒருமுறை ஆடிய ஆளோடு மறுபடி ஆட முடியாது. ஊரும் இல்லை, பயமும் இல்லை. நான்கு முறை கொண்ட ஆட்டத்தில் முதல் ஆள் உடனே நிறுத்தினால் அவருக்கு 40 சென்ட், எதிராளிக்கு 10. அப்படி முதலிலேயே நிறுத்திய ஆட்டங்கள் நூற்றுக்கு 7 தான்!

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், என் வாதமே இதில்தான் இருக்கிறது. முதல் ஆள் தள்ளிவிட்டு, எதிராளி உடனே எடுத்துவிட்டால் முதல் ஆளுக்கு 20 சென்ட், அதாவது 20 நட்டம். எதிராளியும் தள்ளிவிட்டால் இவர் அடுத்த முறையில் ஒரு டாலர் 60 சென்ட் எடுக்கலாம், 120 சென்ட் லாபம். அப்படியானால் எதிராளிகளில் ஏழு பேருக்கு ஒருவருக்கு மேல் தள்ளிவிடுவார்கள் என்றாலே இவர் தள்ளுவது லாபம். அந்தச் சோதனையில் முறை வந்த எதிராளிகளில் பத்துக்கு ஆறு பேர் தள்ளிவிட்டார்கள். பெருக்கிப் பாருங்கள், ஒருமுறை தள்ளிவிட்டுக் காத்திருந்து எடுக்கிறவருக்குச் சராசரியாக ஒரு டாலருக்கு மேல் கிடைத்திருக்கும். தம்பி புத்திசாலி என்று கைதட்டுகிற ஆள் 40 சென்ட்டோடு எழுந்து போனார்.

இன்னொன்றும் அதே ஆராய்ச்சியில் இருக்கிறது. கூட்டத்தில் எப்போதும் தள்ளிவிடுகிற நல்ல மனசுக்காரர்கள் சுமார் நூற்றுக்கு 5 பேர் இருந்தால் போதும், முழுச் சுயநலக்காரரும் கொஞ்ச தூரம் அவர்களைப் போலவே நடந்துகொள்வதுதான் லாபம் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு காட்டியது. கடைசி வரை எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, இறுதிவரை போன ஆட்டங்களும் நூற்றுக்கு 5 தான். பெரும்பாலானோர் நடுவில் நிறுத்தினார்கள். எதுவரை நம்பலாம் என்று அளந்து நம்பியிருக்கிறார்கள், ஐயா. அது ஏமாளித்தனமா?

அப்புறம் சதுரங்கம். தம்பி சொன்னது உண்மை, 2009-ல் பலாசியோஸ் ஹுவேர்ட்டாவும் வோலிஜும் வெளியிட்ட ஆய்வில், இதே பூரான் ஆட்டத்தை ஆடிய சதுரங்க கிராண்ட்மாஸ்டர்கள் எல்லோரும் முதல் முறையிலேயே நிறுத்தினார்கள். ஆனால் தம்பி பாதியோடு விட்டுவிட்டார். அதே ஆய்வில், எதிரே இருப்பவர் சதுரங்க வீரர் என்று தெரிந்ததும் சாதாரண மாணவர்களும் முன்னைவிடச் சீக்கிரம் நிறுத்தினார்கள். சதுரங்க வீரர்களோ எதிரே மாணவர் என்றால் அவ்வளவு அவசரப்படவில்லை. இரண்டு தரப்புமே எதிரே யார் என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். 2011-ல் லெவிட், லிஸ்ட், சாடாஃப் மூவரும் அமெரிக்காவில் சதுரங்க வீரர்களை இதே பூரான் ஆட்டம் ஆடவிட்டபோது முதலிலேயே நிறுத்தியவர்கள் மிகச் சிலர். அவர்களுக்குப் பின்னோக்கி எண்ணத் தெரியாதா என்ன? அதுதானே அவர்கள் தொழிலே!

பின்னோக்கி எண்ணுவது தப்பு என்று நான் வாதாடவில்லை. அந்தக் கணக்கு சரியாக வர, எதிரே இருப்பவரும் ஒரு சென்ட் கூட விட மாட்டார் என்ற முழு நிச்சயம் வேண்டும். அந்த நிச்சயம் தம்பிக்கு எங்கிருந்து வந்தது? மனிதர்களைப் பார்த்து வரவில்லை, காகிதத்தில் எழுதியிருந்ததால் வந்தது. எதிரே இருக்கிற மனிதரை விட்டுவிட்டுப் போடுகிற கணக்கை எப்படிப் பகுத்தறிவு என்பது?

அடுத்து பேச வரும் எதிரணி அக்கா வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். தள்ளிவிட்டிருந்தால் ஒரு டாலருக்கு மேல் வரும் என்ற இடத்தில் 40 சென்ட்டோடு எழுந்துபோனவர் எந்தக் கணக்கில் ஜெயித்தார் என்று மட்டும் இந்த மேடையில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.