பேனா யார் கையில் இருந்தது?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு விலாசத்தோடு தொடங்குகிறேன். எண் 626, கிழக்கு லஃபாயெட் தெரு, ரூல்வில், மிசிசிப்பி.

1964 ஆகஸ்ட் 22. அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு இரண்டு நாளில் தொடங்க இருந்தது. மிசிசிப்பியிலிருந்து வெள்ளையர் மட்டுமே அடங்கிய ஒரு குழு பிரதிநிதிகளாக வந்திருந்தது. வாக்குரிமை மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்று தாங்களே ஒரு கட்சி தொடங்கி, அந்த இருக்கைகள் எங்களுக்குத்தான் என்று வந்து நின்றார்கள். எந்தக் குழு உட்காரலாம் என்று விசாரித்தவர்களின் முன்னால் சாட்சி சொல்ல ஒரு பெண்மணி வந்தார். வயது நாற்பத்தாறு. பெற்றோருக்கு இருபதாவது பிள்ளை. ஆறு வயதில் பருத்தி பறிக்கப் போனவர். எடுத்த எடுப்பில் அவர் சொன்னது இது:

"தலைவர் அவர்களே, குழுவினரே, என் பெயர் திருமதி ஃபேனி லூ ஹேமர். நான் மிசிசிப்பி, ரூல்வில், கிழக்கு லஃபாயெட் தெரு 626-இல் குடியிருக்கிறேன். சன்ஃபிளவர் மாவட்டம். செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாந்துக்கும் செனட்டர் ஸ்டென்னிஸுக்கும் சொந்த இடம்."

இந்த உரையை முதன்முதலாகத் தமிழில் பெயர்த்துப் பார்த்தபோது அந்தத் 'திருமதி'யை எடுத்துவிட்டேன். கதவு எண்ணையும் எடுத்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகையிலும் தபால் உறையிலும் எழுதுகிற சங்கதி, மேடைப் பேச்சில் எதற்கு என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று பின்னால்தான் தெரிந்தது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அந்நாளில் வெள்ளையர்கள் கறுப்பினப் பெண் எவரையும் திருமதி என்றோ செல்வி என்றோ அழைக்க மாட்டார்கள். எழுபது வயதுப் பாட்டியையும் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 1963-இல் அலபாமாவின் கேட்ஸ்டன் நகரில், மேரி ஹாமில்டன் என்ற போராளி நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் "மேரி" என்று விளித்துக் கேள்வி கேட்டார். செல்வி ஹாமில்டன் என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்றார் அவர். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறை, ஐம்பது டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1964 மார்ச்சில் அந்தத் தண்டனை ரத்தாயிற்று. ஹேமர் தன்னைத் 'திருமதி' என்று சொல்லிக்கொண்டது அதற்கு ஐந்தே மாதங்களுக்குப் பிறகு. 'அவள்' என்பதா 'அவர்' என்பதா என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் முடிவெடுக்க வேண்டிய மொழியில் எழுதுகிற நமக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. இருந்தும் நான்தான் வெட்டினேன்.

அடுத்தது விலாசம். 1962 ஆகஸ்ட் 31 அன்று ஹேமரும் இன்னும் பதினேழு பேரும் இருபத்தாறு மைல் பஸ்ஸில் போய், இண்டியனோலா ஊரின் நீதிமன்றத்தில் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றார்கள். திரும்பும் வழியில் போலீஸ் மறித்தது. பஸ்ஸின் நிறம் சரியில்லை என்று வழக்கு! வீடு வந்து சேர்ந்தால் பண்ணை முதலாளி காத்திருக்கிறார். பதினெட்டு ஆண்டுகள் ஹேமர் விளைச்சலில் பங்குக்குப் பயிரிட்டு, வேலை நேரக் கணக்கும் எழுதிய பண்ணை அது. பதிவை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வெளியேறு என்றார் முதலாளி. "நான் உங்களுக்காகப் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன்" என்றார் ஹேமர். அன்று இரவே வெளியேறினார். பத்து நாள் கழித்து, அவருக்கு இடம் கொடுத்த டக்கர் தம்பதியின் வீட்டின் மேல் பதினாறு முறை சுட்டார்கள், அவரைக் குறிவைத்து. அப்படிப்பட்டவர் தொலைக்காட்சி கேமராக்களின் முன்னால் தன் கதவு எண்ணைச் சொல்கிறார். இதோ இங்கேதான் இருக்கிறேன் என்கிறார். கூடவே, அதே மாவட்டத்தில் பெரும் பண்ணை வைத்திருந்தவரும் செனட்டின் நீதித்துறைக் குழுவுக்குத் தலைவருமான ஈஸ்ட்லாந்தின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார். நானும் அந்தச் செனட்டரும் ஒரே மண், அங்கே நடப்பதற்கு அவரும் பொறுப்பு என்பது சொல்லாமலே விளங்குகிறது.

சொல்வன்மை என்றதும் நமக்கு அடுக்குமொழியும் உவமையும் நினைவுக்கு வருகின்றன. ஹேமரின் சாட்சியத்தில் அவை அநேகமாக இல்லை. தேதி, ஊர், தூரம், ஆள் எண்ணிக்கை, யார் என்ன சொன்னார்கள் என்பது. அவ்வளவுதான். 1963 ஜூனில் வினோனா ஊர்ச் சிறையில், போலீஸார் ஏவ, இரண்டு கறுப்பினக் கைதிகள் அவரைத் தடியால் அடித்தார்கள். அதையும் அதே குரலில் சொல்கிறார். அடிபடும்போது உடை மேலே ஏறிவிட்டது, இழுத்து விட்டுக்கொண்டேன், ஒரு வெள்ளைக்காரர் அதை மறுபடி மேலே தூக்கினார் என்கிறார். அங்கே ஒரு பெயரடைகூட இல்லை. கடைசியில்தான் குரல் உயர்கிறது: எங்கள் குழுவுக்கு இப்போது இருக்கை இல்லையென்றால் அமெரிக்காவையே நான் கேள்வி கேட்கிறேன், உயிருக்குப் பயந்து தொலைபேசியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்க வேண்டிய இந்த நாடுதானா சுதந்திரர்களின் நாடு, வீரர்களின் வீடு? தேசிய கீதத்தின் கடைசி வரியை எடுத்து அப்படியே திருப்பி வைத்துவிட்டார்.

இந்தச் சாட்சியம் ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே, வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஜான்சன் திடீரென்று செய்தியாளர்களைக் கூட்டினார். கேமராக்கள் அந்தப் பக்கம் திரும்பின. துணை ஜனாதிபதி வேட்பாளரை அறிவிக்கப் போகிறார் என்று எல்லோரும் காத்திருக்க, முந்தைய ஜனாதிபதி கென்னடி பலியான டல்லாஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இன்றோடு ஒன்பது மாதம் ஆகிறது என்று ஏதோ பேசினார். ஒரு நாட்டின் ஜனாதிபதி, ஒரு கூலிக்காரப் பெண்மணியின் எட்டு நிமிடப் பேச்சுக்குப் பயந்தார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் அன்று மாலையே தொலைக்காட்சி நிறுவனங்கள் முழுப் பேச்சையும் போட்டுக் காட்டின. பகலில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிட அதிகம் பேர் இரவில் பார்த்தார்கள்.

நான் சொல்ல வந்தது இதுதான். கறுப்பினப் பெண்களின் பேச்சைப் படிக்கிறவர்கள் பேச்சை மட்டும் படித்தால் போதாது. அது நம் கைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது, நடுவில் யார் கேமராவைத் திருப்பினார்கள், யார் பேனாவைப் பிடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். பேனா என்றதும், அடிமையாகப் பிறந்து விடுதலைபெற்றுப் பேச்சாளரான சோஜர்னர் ட்ரூத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

"நான் ஒரு பெண் இல்லையா?" உங்களில் பலருக்குத் தெரிந்த வாசகம். மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் சுவரொட்டியில் வரும். 1851 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகரில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டில் சோஜர்னர் ட்ரூத் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி. அவர் கேட்டிருப்பதற்கான சாத்தியம் மிகக் குறைவு.

ட்ரூத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த மாநாட்டின் செயலாளராக இருந்த மாரியஸ் ராபின்சன் என்ற பத்திரிகையாளர், ஒரு மாதத்துக்குள், ஜூன் 21 அன்று, தன் பத்திரிகையில் பேச்சை வெளியிட்டார். இதைக் காகிதத்தில் கொண்டுவரவே முடியாது என்று ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் எழுதுகிறார். அதில் அந்த வாசகம் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863-இல், அதே மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளையினப் பெண்மணி தன் நினைவிலிருந்து இன்னொரு வடிவத்தை எழுதினார். அதில்தான் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கூடவே தென் மாநிலத்து அடிமைப் பண்ணைகளில் பேசுகிற கொச்சை நடையும் வருகிறது. ட்ரூத் பிறந்து வளர்ந்தது வடக்கே நியூயார்க் மாநிலத்தில். அவர் முதலில் பேசக் கற்ற மொழி டச்சு. தெற்கத்திக் கொச்சை அவர் வாயில் எப்படி வரும்? கேஜின் ட்ரூத்துக்குப் பதின்மூன்று பிள்ளைகள்; உண்மையான ட்ரூத்துக்கு ஐந்து.

கேஜ் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. இரண்டு பேரும் ஒரே அணி. அடிமையாக இருந்த ஒரு பெண் எப்படிப் பேச வேண்டும் என்று அவர் மனத்தில் ஒரு படம் இருந்தது, அந்தப் படத்துக்கு வாய் வைத்துவிட்டார். எதிரி வெட்டினால் தழும்பாவது தெரியும். தோழி திருத்தினால் நூறு ஆண்டுகளுக்குத் தெரிவதில்லை.

எனக்கு ராபின்சன் எழுதியதே பிடிக்கும். உழுதிருக்கிறேன், அறுத்திருக்கிறேன், மரம் வெட்டியிருக்கிறேன், எந்த ஆண் இதைவிட அதிகமாகச் செய்ய முடியும் என்கிறார் அதில். பிறகு அறிவைப் பற்றி: ஆணுக்கு இரண்டு படி, பெண்ணுக்கு ஒரு படி என்றே வைத்துக்கொள்வோம், அவளுடைய சின்னப் படியை நிரப்பிக்கொள்வதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? முடிக்கும்போது ஒரு நையாண்டி. ஒரு பக்கம் அடிமை வருகிறான், மறுபக்கம் பெண் வருகிறாள், நடுவில் ஆண், பருந்துக்கும் பிணந்தின்னிக் கழுகுக்கும் இடையில் மாட்டிக்கொண்டவன். இந்தச் சிரிப்பு கேஜின் வடிவத்தில் மங்கிவிட்டது. சுவரொட்டிக்குக் கண்ணீர்தான் ஒத்துவரும் போலிருக்கிறது.

ஆனால் ட்ரூத் ஏமாளி அல்லர். பேச்சைப் பிறர் எழுதுவதைத் தடுக்க முடியவில்லை. படத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டார். மூக்குக்கண்ணாடி, வெள்ளைத் தொப்பி, மடியில் பின்னல் வேலை, இப்படி மதிப்பான குடும்பப் பெண்மணியாக ஸ்டூடியோவில் உட்கார்ந்து எடுத்த புகைப்பட அட்டைகளைக் கூட்டங்களில் விற்றார். கீழே அச்சிட்டிருந்த வாசகம்: "உடலைத் தாங்க நிழலை விற்கிறேன்." அதற்குப் பதிப்புரிமையும் தன் பெயரிலேயே வாங்கினார்.

இவர்களை நெகிழவைக்கும் பேச்சாளர்களாக மட்டும் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. ஐடா பி. வெல்ஸ் அதற்கு மாற்று மருந்து. 1892 மார்ச்சில் மெம்ஃபிஸ் நகரில், மளிகைக் கடை நடத்திய அவருடைய நண்பர் தாமஸ் மாஸும் இன்னும் இரண்டு பேரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். வெள்ளைக்காரருடைய கடைக்குப் போட்டியாக வியாபாரம் செய்ததுதான் பகைக்கு வேர். கும்பல் கொலைகளுக்குச் சொல்லப்படும் பாலியல் பலாத்காரக் காரணம் பொய் என்று வெல்ஸ் தன் பத்திரிகையில் எழுதினார். மே மாதத்தில் பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். ஊரில் இல்லாததால் தப்பினார். அக்டோபர் 5 அன்று நியூயார்க்கில் கறுப்பினப் பெண்கள் கூட்டிய கூட்டத்தில், கையில் இருந்த காகிதத்தைப் பார்த்துப் படிக்கும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டவர்கள் உருகினார்கள். அவருக்கோ வெட்கம், அழ வேண்டும் என்று அவர் வரவில்லை. எண்களைச் சொல்ல வந்திருந்தார். எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்டவர்கள் 728. அவர்களில் பாலியல் குற்றச்சாட்டுக்காவது ஆளானவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். எண்களை எடுத்தது சிகாகோ ட்ரிப்யூன் என்ற வெள்ளையர் பத்திரிகையிலிருந்து. கொலைகாரர்கள் தங்கள் வாயாலேயே தண்டிக்கப்படட்டும் என்று பிறகு எழுதினார். ஒரு கறுப்பினப் பெண்ணின் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்தவர் செய்த காரியம் அது.

அடுத்த ஆண்டு அவரை இங்கிலாந்துக்குப் பேச அழைத்தவர்களில் ஒருவர் கேத்தரின் இம்பே. இம்பே நடத்திய பத்திரிகையின் பெயர் 'சாதி எதிர்ப்பு'. நிறவெறிக்கு அவர் வைத்த பெயர் சாதி! இந்த அரங்கில் இதற்கு விளக்கம் தேவையில்லை, மேலே போகிறேன்.

கவிஞர் ஃபிரான்சிஸ் ஹார்ப்பர், கல்வியாளர் அன்னா ஜூலியா கூப்பர் இருவருக்கும் தனித்தனியே ஒரு மாலை வேண்டும். 1866-இல் வெள்ளையினப் பெண்கள் நிறைந்த மாநாட்டில், நீங்கள் இங்கே உரிமைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் அநீதிகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றவர் ஹார்ப்பர்.

கடைசியாக எல்லோருக்கும் மூத்தவர். மரியா ஸ்டூவர்ட், 1803-இல் பிறந்தவர். ஐந்து வயதில் அநாதை. பதினைந்து வரை ஒரு பாதிரியார் வீட்டு வேலைக்காரி. பாஸ்டனில் திருமணமாகி மூன்றே ஆண்டில் கணவர் இறந்தார். அவர் விட்டுச்சென்ற சொத்தை வெள்ளை வியாபாரிகள் ஏமாற்றிப் பறித்துக்கொண்டார்கள். 1832 செப்டம்பரில், ஆண்களும் பெண்களும் கலந்திருந்த அவையில் எழுந்து நின்று பேசினார். அமெரிக்கப் பெண்களில் அப்படிச் செய்த முதல் சிலரில் அவர் ஒருவர். ஆப்பிரிக்காவின் மகள்கள் இன்னும் எத்தனை காலம் தங்கள் அறிவை இரும்புச் சட்டி பானைகளின் அடியில் புதைத்து வைப்பது என்று முன்பே எழுதியிருந்தார். பேச்சுகளை வெளியிட்ட அடிமைமுறை எதிர்ப்புப் பத்திரிகை, அவற்றை 'பெண்கள் பகுதி'யில் போட்டது. கறுப்பின ஆண்களையும் அவர் சாடினார். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பலருடைய கண்ணில் நான் இழிவாகிவிட்டேன் என்று சொல்லி, 1833 செப்டம்பரில் விடைபெற்றார். இரண்டு ஆண்டுகூட நீடிக்காத மேடை வாழ்வு. பிறகு நியூயார்க், பால்டிமோர், வாஷிங்டன் என்று ஊர் ஊராக ஆசிரியை வேலை. கடைசியில் வாஷிங்டனில், விடுதலை பெற்ற அடிமைகளுக்கான மருத்துவமனையில் மேற்பார்வைப் பணி.

பிரிட்டனோடு நடந்த 1812 போரில் பணியாற்றியவர்களின் விதவைகளுக்கு ஓய்வூதியம் என்று 1878-இல் ஒரு சட்டம் வந்தது. அவருடைய கணவர் அந்தப் போரில் இருந்தவர். மாதம் எட்டு டாலர் கிடைத்தது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய அந்த அம்மையார் அந்தப் பணத்தைக் கொண்டு 1879-இல் தன் பழைய பேச்சுகளையும் எழுத்துகளையும் திரும்ப அச்சிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். புத்தகத்துக்கு அவர் வைத்த தலைப்பு: 'திருமதி மரியா டபிள்யூ. ஸ்டூவர்ட்டின் பேனாவிலிருந்து வந்த சிந்தனைகள்.'