பத்துக்குப் பன்னிரண்டு: லயம் வளர்த்த வாழ்க்கை

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

இடமும் கட்டடமும் மனித வாழ்வை எவ்வாறு உருவாக்குகின்றன என்பது குறித்துப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறீர்கள். கோயில்களையும் கோட்டைகளையும் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்த ஒரேயொரு கட்டடத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். இலங்கையின் மலையகத்தில் அதற்கு லயம் என்று பெயர்.

வரிசையைக் குறிக்கும் ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல்லையே நம் முன்னோர் நாவுக்கு இசைய லயம் என்று ஆக்கிக்கொண்டார்கள். ஒரே முகட்டின் கீழ் பத்தோ பன்னிரண்டோ அறைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வோர் அறையும் ஒரு காம்பரா. காம்பராவின் அளவு ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்னும் சிறு தாழ்வாரம். மேலே தகரம், காற்றுக்குப் பறந்துவிடாமலிருக்க அதன்மேல் கற்கள். முதுகோடு முதுகாக அறைகளைக் கட்டிய இரட்டை லயமாக இருந்தால் பின்சுவரில் ஜன்னலுக்கே இடமில்லை.

இத்தகைய கட்டடம் ஏன் எழுந்தது என்பதைப் புரிந்துகொள்ளக் கோப்பியிலிருந்து தொடங்க வேண்டும். 1820களில் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் போன்ற பகுதிகளிலிருந்து, ஆள் சேர்த்து மேய்க்கும் கங்காணிமார் ஆட்களை அழைத்துச் சென்றார்கள். கோப்பிக்கு ஆள் மிகுதியாகத் தேவைப்படுவது பழம் பறிக்கும் பருவத்தில்தான். பருவம் முடிந்தால் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். சில மாதங்கள் தங்கிப் போகிறவர்களுக்கு என்ன கட்டுவார்களோ அதைத்தான் தோட்டத்துரைமார் கட்டினார்கள். 1867இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர், கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. மலைகளெல்லாம் தேயிலைக்கு மாறின. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரத்துக்கொரு முறையோ பத்து நாளைக்கொரு முறையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தாக வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்த முழுக் குடும்பங்களும் மலையிலேயே தங்கின. பயிர் மாறியது, வேலை மாறியது, ஆட்கள் நிரந்தரமானார்கள். கட்டடம் மட்டும் பருவக் கூலிக்குக் கட்டியதாகவே நின்றுவிட்டது. என் பேச்சு முழுவதும் இந்த ஒரு செய்தியைச் சுற்றியதுதான்.

‘நீ நாளைக்குப் போய்விடுவாய்’ என்று சொல்லும் சுவர்களுக்குள் ஐந்தாறு தலைமுறைகள் பிறந்து இறந்திருக்கின்றன. தோட்டத்துப் பதிவேட்டில் பேர் இருந்தால்தான் காம்பரா. பேர் வெட்டப்பட்டால் காம்பராவும் போய்விடும். துரையோடு வாக்குவாதம் செய்ய எழுந்த நாக்கு, இரவு எங்கே படுப்பது என்ற நினைவில் அடங்கிவிடும். எங்கள் தாத்தா லயத்தின் பின்புறம் ஒரு பலாக்கன்று நட்டு, இடுப்புயரம் வரை வளர்த்தார். தோட்டத்துக் காணியில் தொழிலாளிக்கு மரம் கிடையாது என்று சொல்லி ஒரு காலைப்பொழுதில் அதை வெட்டிப்போட்டார்கள். தாத்தா அன்றும் வழக்கம்போல், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறினார் என்று பாட்டி சொல்வார்.

சுவர் சொன்னதையே பின்னர் சட்டமும் சொல்லியது. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. மக்களை இவ்வாறு எண்ணிப் பிரிக்க ஆட்சியாளர்களுக்கு மனம் துணிந்ததற்கு, தற்காலிகமானவர்கள் என்று அவர்களை நூறாண்டுகளாகக் காட்டிக்கொண்டிருந்த அந்தத் தகரக் கூரைக்கும் பங்குண்டு என்றே நான் நம்புகிறேன்.

அந்தச் சுவர்களுக்கு எங்கள் மக்கள் கொடுத்த பதிலையும் சொல்ல வேண்டும். பல லயங்களில் காம்பராக்களை இடையிட்ட சுவர் கூரை வரை எட்டாது. முதல் காம்பராவில் குழந்தை இருமினால் கடைசியிலுள்ள தொங்கல் காம்பராவில் கேட்கும். அதனால் அந்தரங்கம் என்பது அரிதாயிற்று. புதிதாக மணமானவர்களுக்கு இஸ்தோப்பில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிடுவதே அறை. எங்கள் சித்தி மணமாகி வந்தபோது கட்டிய அரக்குச் சேலையில் அடுப்புப் புகை படிந்து, அது நிறமே தெரியாமல் போகும்வரை அங்கேயே தொங்கியது. அதே சுவரின் வழியாகத்தான் கதைகளும் வந்தன. மழை பெய்யும் இரவில் பாட்டி நல்லதங்காள் கதையைத் தொடங்கினால், தகரத்தில் விழும் மழையையும் மீறிக் குரலை உயர்த்துவார். பக்கத்துக் காம்பராவிலிருந்து யாரோ ‘உம்’ கொட்டுவார்கள். பாட்டி ஓரிடத்தில் தவறினால் மூன்றாம் காம்பராவிலிருந்து திருத்தம் வரும்.

மாசியில் காமன் கூத்து நடக்கும்போது லயமே அரங்காகிவிடும். திடலில் காமன் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, மதனும் ரதியும் வேடங்கட்டி வருவார்கள். மதன் எரிந்தபின் ரதி அழும் ஒப்பாரிக்கு இஸ்தோப்பில் நிற்கும் பெண்கள் தங்கள் சொந்தச் சாவுகளை நினைத்து அழுவார்கள். மேலே இருப்பது மேட்டு லயம், கீழே இருப்பது பணிய லயம் என்று ஊருக்குள் ஊராகப் பெயரிட்டுக்கொண்டதும், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வழக்குகளைத் தீர்த்ததும் இப்படித்தான். சாதி பார்த்து ஆட்களைப் பிரித்துக் குடியமர்த்திய லயங்களும் உண்டு. ஒரே முகடு எல்லாரையும் ஒன்றாக்கிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும்.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர், 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தின்கீழ் நீலகிரியில் வேலைக்கமர்ந்தார்கள். அங்கும் வரிசை வீடுகளே காத்திருந்தன. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்ற விதி கடல் தாண்டியும் கூடவே வந்தது. இந்தியாவில் அவர்களுக்குச் சிலோன்காரர்கள் என்று பெயர். இலங்கையில் இந்தியாக்காரர்கள் என்று பெயர்.

2014 அக்டோபர் 29 காலை, இலங்கையின் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த சரிவு அது. ‘ஏன் எழுந்து போகவில்லை’ என்று அப்போது பலர் கேட்டார்கள். சொந்தக் காணி என்று ஒரு முழம்கூட இல்லாதவர் எங்கே போவார் என்பதை அவர்கள் கேட்கவில்லை.

அண்மை ஆண்டுகளில் சில தோட்டங்களில் ஏழு பேர்ச், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி காணியில் தனி வீடுகள் எழுந்திருக்கின்றன. சித்திக்கு அப்படியொரு வீடு கிடைத்திருக்கிறது. முதல் மாதம் அந்த வீட்டில் தூக்கமே வரவில்லை என்றார். சுவர் கூரையைத் தொட்டுவிட்டதால் பக்கத்து வீட்டார் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியவில்லையாம். சென்ற முறை போயிருந்தபோது வேலி ஓரத்தில் ஒரு பலாக்கன்று நட்டு, சுற்றிலும் முள் வைத்திருந்தார். காணி உறுதி என்னும் நிலப் பத்திரம் வந்துவிட்டதா என்று கேட்டேன். ‘எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க தம்பி’ என்றார்.