பனியில் எடுத்த கல்யாணப் படம் ஏன் சாம்பலாகிறது? விடை மரக்காணம் உப்பளத்தில்!

[திரையில் இரண்டு படங்கள் அருகருகே]

இடப்பக்கப் படத்தைப் பாருங்கள். மணாலிக்கு மேலே சோலாங் பள்ளத்தாக்கு. சிவப்புக் கூறைப்புடவையில் மணப்பெண், பட்டு வேட்டியில் மாப்பிள்ளை, சுற்றிலும் பனி. ஆனால் அந்தப் பனி, அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டியதுபோல் கிடக்கிறது. இருவர் முகமும் கறுத்துவிட்டது. வலப்பக்கம் இருப்பது அதே ஜோடி, அதே இடம், ஒரு நிமிடம் கழித்து எடுத்தது. பனி வெள்ளைவெளேர் என்று இருக்கிறது. இரண்டு படங்களுக்கும் நடுவே நான் திருப்பியது கேமராவில் ஒரே ஒரு சக்கரத்தை.

வணக்கம். புதுச்சேரியில் கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். இந்த ஜோடி கடலூர், மஞ்சக்குப்பம். மார்கழிப் பனியைத் தவிர வேறு பனி பார்த்திராதவர்கள்.

காரணத்தைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர், எதிரே இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். அதாவது, விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள். புதிதாக விழுந்த பனியோ 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று கேமரா குறைத்துவிடுகிறது. ஆகவே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தச் சக்கரத்தை, பிளஸ் பக்கம் திருப்புங்கள். பிளஸ் 1 முதல் பிளஸ் 2 வரை. நான் ஒன்றரையில் தொடங்கி, ஹிஸ்டோகிராம் (படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று கேமரா திரையில் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்வேன்.

[உப்பளக் காட்சி]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதைப் பழக மணாலிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம். கோடையில் அங்கே பாத்தி ஓரமெல்லாம் உப்பைக் குவித்திருப்பார்கள். குவியலுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி, எதையும் மாற்றாமல் ஒரு படம் எடுங்கள். உப்பு சாம்பலாகத்தான் விழும். பிளஸ் ஒன்றரை வைத்து இன்னொன்று எடுங்கள். பனியின் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

அடுத்து, அவருடைய தாடைக்குக் கீழே பாருங்கள். நம் கடற்கரைச் சாலையில் உச்சி வெயிலில் எடுத்தால் கண்குழியிலும் தாடைக்கடியிலும் நிழல் கட்டி நிற்கும். உப்புக்கு நடுவே அந்த நிழல் கரைந்துவிடுகிறது, ஏனென்றால் தரையே ரிஃப்ளெக்டராக மாறிக் கீழிருந்து ஒளியை ஏற்றுகிறது. பனியிலும் இதேதான். கணினியில் பனிமலையைப் பின்னால் ஒட்டவைத்த கல்யாணப் படங்களை நான் இப்படித்தான் கண்டுபிடிப்பேன்: பின்னால் பனி, தாடைக்கடியில் நம்மூர் நிழல். அந்த வேலை எனக்குப் பிடிப்பதில்லை. எடுத்தால் மெய்யான ஒளியில் எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உப்பளத்தில்தான் கற்றேன். மண்டபத்தில் வெள்ளையாகத் தெரியும் பட்டு வேட்டி, உப்புக்கு முன்னால் சந்தன நிறமாகிவிடும். அது அழகு, அதைத் திருத்தாதீர்கள். ஒரு வேண்டுகோள்: உப்பளத்துக்குப் போகிறவர்கள் அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். வரப்பை மிதித்து உடைத்தால் அவர்கள் பிழைப்பு கெடும்.

உப்பு சொல்லித்தராதது குளிர். புடவைக்குள் தெர்மல் உடை, கொசுவத்துக்கடியில் பூட்ஸ். ஐந்து நிமிடம் எடுத்தால் உடனே கம்பளி. மணப்பெண்ணின் விரல்கள் விறைத்தால் படப்பிடிப்பை நிறுத்திவிடுங்கள். எந்தப் படமும் அதைவிடப் பெரிதல்ல. கடலூரிலிருந்து டப்பாவில் வந்த மல்லிகைச் சரத்தைக் கடைசியாகத்தான் சூட்டினோம். பத்து நிமிடத்தில் இதழ்கள் கண்ணாடிபோல் விறைத்தன, தொட்டால் சரசரத்தன. அறைக்குள் வந்ததும் துவண்டு பழுப்பேறிவிட்டன. அந்தப் பத்து நிமிடத்தில் எடுத்த படம்தான் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

[பன்னீர் சோடா பாட்டில், நெருக்கத்தில்]

கடைசியாக லென்ஸ். நம்மூரில் குளிரூட்டிய மண்டபத்திலிருந்து கேமராவோடு வெளியே வந்தால் லென்ஸில் உடனே ஆவி படர்ந்துவிடும். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பன்னீர் சோடா பாட்டில் வேர்ப்பதும் இதனால்தான்: குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டு நீராகிறது. பனிமலையில் இது தலைகீழ். வெளியே ஒன்றும் ஆகாது, கதகதப்பான அறைக்குள் நுழையும்போதுதான் கேமரா வேர்க்கும், உள்ளேயும் ஈரம் இறங்கும். ஆகவே வாசலுக்கு வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுங்கள். அறையின் சூட்டுக்கு வரும்வரை, இரண்டு மணி நேரமானாலும், திறக்காதீர்கள்.

மூடுவதற்கு முன் மெமரி கார்டை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே மணப்பெண்ணின் அம்மா, போர்வையைப் போர்த்திக்கொண்டு படத்துக்காகக் காத்திருப்பார்.