ரெண்டு ஆத்துக்கு நடுவுல ஒரு மணல் மேடு

நேயர்களுக்கு வணக்கம். ஸ்ரீரங்கத்தப் பத்தி ரேடியோல பேசக் கூப்ட்ருக்காங்கன்னு வீட்ல சொன்னதும் கோயிலப் பத்தியான்னு கேட்டாங்க, இல்ல, கோயில் நிக்கிற தரையப் பத்தின்னேன், மண்ணப் பத்தி பேச என்ன இருக்குன்னு ஒரே சிரிப்பு. நான் ஜியாகரபி வாத்தியாரா இருந்தவன், எனக்கு மண்ணுதான் முதல்ல கண்ணுல படும்.

அரங்கம்ங்கிற சொல்லுக்கே ஆற்றிடைக்குறைன்னு ஒரு அர்த்தம் உண்டு, அதாவது ஆத்துக்கு நடுவுல இருக்க திட்டு. காவிரியில இந்த மாதிரி மூணு சொல்லுவாங்க, ஸ்ரீரங்கப்பட்டணம், சிவனசமுத்திரம், கடைசியா நம்மூர். மேல இருக்க ரெண்டும் பாறை பூமி, ஆறு பாறைய சுத்திக்கிட்டு ஓடுது. நம்மூர் கதை வேற. பாறை வேணும்னா தென்கரையில திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டருக்கு நிக்குது பாருங்க, காவிரிப் பாலத்த தாண்டிட்டா அப்புறம் எல்லாம் வண்டலும் மணலுந்தான். தோண்டினா தண்ணி. திருவானைக்காவல்ல ஜம்புகேஸ்வரர் சன்னதியில ஊத்து கசியுதே, அத பக்தியா பாக்கறவங்க அப்படியே பாருங்க, எனக்கு அது நிலத்தடி நீர் மட்டம் எவ்ளோ மேல இருக்குன்னு காட்ற இடமாவும் தெரியுது.

தீவு மேற்க முக்கொம்புல ஆரம்பிக்குது. காவிரி அங்க ரெண்டாப் பிரியுது, வடக்க கொள்ளிடம், தெக்க காவிரி. கெழக்க கல்லணை வரைக்கும் 27, 28 கிலோமீட்டர் நீளம் இருக்கும், அகலம்னு பாத்தா டவுன் இருக்க எடத்துல ரெண்டு மூணு கிலோமீட்டர்தான், வெள்ளரிக்கா மாதிரி ஒரு ஷேப். மேலூர் பக்கம் போனா வாழை, தென்னை, நடுவுல கோயிலோட சப்த பிரகாரம், அதான் ஏழு சுத்து, அந்தாண்ட உத்தமர்சீலி வரைக்கும் மறுபடி பச்சைதான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். இந்த ரெண்டு ஆறும் அக்கா தங்கச்சின்னு நினைக்காதீங்க, பங்காளிங்க. கொள்ளிடம் நேரா போறது, சரிவு ஜாஸ்தி, படுகையும் பள்ளம், அதனால தண்ணி தானா அந்தப் பக்கம் சாயும், காவிரி மெல்ல மெல்ல மண் அடிச்சுப் போயிடும். 1800கள் ஆரம்பத்துல அதுதான் நடந்துச்சு, தஞ்சாவூர் பக்கம் வாய்க்காலுக்கு தண்ணி ஏறல. ஆர்தர் காட்டன்னு ஒரு வெள்ளக்கார இன்ஜினியர் வந்து 1836லேர்ந்து 1838க்குள்ள முக்கொம்புல கொள்ளிடம் பிரியிற தலைப்புல மேலணையக் கட்டினாரு. கட்டினதும் என்ன ஆச்சுன்னா இப்ப காவிரிப் பக்கம் தண்ணி அளவுக்கு மீறிப் போக ஆரம்பிச்சிடுச்சு, அதுக்கும் தலைப்புல ஒரு தடுப்பு போட வேண்டி வந்துச்சு. ஆத்துக்கிட்ட ஒரு பக்கம் கைய வச்சா அது மறுபக்கம் கணக்கத் தீத்துக்கும்.

கீழ்க்கோடியிலயும் இதே தகராறுதான். ரெண்டு ஆறும் அங்க ரொம்ப கிட்ட வருது, காவிரி உள்ளாறுங்கிற குறுக்கு ஓடை வழியா நழுவி பள்ளமா இருக்க கொள்ளிடத்துலயே போய் விழப் பாக்கும். அத மறிச்சதுதான் கரிகாலன் பேர் சொல்ற கல்லணை. மணல்ல கல்லப் போட்டா எறங்கும், எறங்க எறங்க மேல போட்டுக்கிட்டே இருந்திருக்காங்க, அஸ்திவாரம் அப்படித்தான் நின்னுச்சு. காட்டனே அதப் பாத்து அசந்து போனாரு.

அப்ப தீவோட ரெண்டு முனையும் மனுசன் புடிச்சு வச்சிருக்கதுதான். புடி தளர்ந்தா என்னாகும்னு 2018ல பாத்தோம். ஆகஸ்ட் மாசம் வெள்ளம், 22ந்தேதி ராத்திரி மேலணையில 9 மதகு அடிச்சிட்டுப் போச்சு, தண்ணி எங்க போச்சு, கொள்ளிடத்துலதான். அதே ஆகஸ்ட்லதான், 1928ல கட்டின பழைய கொள்ளிடம் பாலத்துல தூணு சரிஞ்சுது. வருசக்கணக்கா மணல் அள்ளி அள்ளி படுகை கீழ போயிடுச்சு, தூணோட கால் வெளிய தெரிஞ்சா எந்தப் பாலந்தான் நிக்கும் சொல்லுங்க. எனக்கு இன்னும் ஆத்தாமைதான்.

ஒண்ணு மட்டும் செய்ங்க. கோடைல ஒருநா திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பஸ் ஏறி நம்பர் ஒன் டோல்கேட் வரைக்கும் போங்க, ஜன்னல் சீட்டு. முதல்ல காவிரி, பத்து நிமிசத்துல கொள்ளிடம். எந்த ஆத்துக்கு நீங்க இன்னும் குனிஞ்சு பாக்க வேண்டியிருக்குன்னு மட்டும் கவனிங்க. வணக்கம்.